அப்பா சொன்ன பார்லி

இரண்டாயிரங்களின் கடைசி வருடங்களில், ஒஸ்லோவின் கிழக்கு ஓரமான எல்லிங்ஸ்ருட்டில், எங்கள் அடுக்குமாடி வீட்டின் சமையலறையில் நடந்தது இது. பின்னேரம் ஆகும் முன்பே இருட்டத் தொடங்கிவிடும் நவம்பர் மாதம். படிப்பை முடித்து, வைத்தியசாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது.

என் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால் சந்தேகப்படுவதுதான். இரத்தம் வரும், இயந்திரம் ஓர் எண்ணைத் தரும், அந்த எண்ணை நம்பலாமா என்று நான் பார்க்க வேண்டும். நம்ப முடியாத எண் வந்தால் ஓர் ஒழுங்கு இருக்கிறது: முதலில் குழாயைச் சந்தேகி, பிறகு இயந்திரத்தை, பிறகு பெயர் மாறியிருக்குமோ என்று பார், கடைசியாகத்தான் நோயாளி. வீட்டில் மட்டும் இந்த ஒழுங்கு தலைகீழாக இருந்தது. எது நடந்தாலும் முதலில் அப்பாவைத்தான் சந்தேகிப்பேன்.

அதற்குக் காரணம் இருந்தது. அப்பா பேருந்து ஓட்டுநர். நீண்ட காலம் குடித்தவர். சத்தம் போடுகிற குடி அல்ல, ஒளிக்கிற குடி. காரின் உதிரிச் சக்கரத்துக்குக் கீழே, நிலக்கீழ் அறையில் பனிச்சப்பாத்துப் பைக்குள், அரிசி மூட்டைக்குப் பின்னால் என்று அவருடைய இடங்கள் எல்லாம் எனக்குச் சின்ன வயதிலேயே பாடம். கராம்பு சப்பிக்கொண்டு வீட்டுக்குள் வந்தால் அன்று குடித்திருக்கிறார் என்று அர்த்தம். பிறகு ஒரு நாள் வைத்தியர் அவருடைய ஈரலைப் பற்றி ஏதோ சொல்ல, அப்பா தானாகவே நிறுத்தினார். கோயிலில் வைத்துச் சத்தியம் செய்யவில்லை, எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லவும் இல்லை. கராம்பு வாசம் வருவது நின்றது, அவ்வளவுதான். அவர் நிறுத்திய பிறகும் நான் அந்த இடங்களை அவ்வப்போது பார்த்து வந்தேன். அம்மாவும் நானும் இதைப் பற்றி ஒருபோதும் கதைத்ததில்லை.

பயம் ஈரலைப் பற்றியது மட்டுமல்ல. நோர்வேயில் கொஞ்சம் குடித்துவிட்டு வாகனம் ஓட்டிப் பிடிபட்டாலே கதை முடிந்துவிடும். பேருந்து என்றால் கேட்கவே வேண்டாம். உரிமம் போனால் வேலை போகும், வேலை போனால் வீட்டுக்கடன் என்னவாகும் என்று தெரியாது. அப்பாவின் வயதுக்கும் அவருடைய நோர்வேஜிய மொழிக்கும் இன்னொரு வேலை கிடைக்கப் போவதில்லை.

இந்த நிலையில்தான் அவர் ஒரு பின்னேரம் நீளமான அட்டைப்பெட்டி ஒன்றோடு வந்தார்.

"என்னப்பா அது, பெட்டியெல்லாம் பெரிசாக் கிடக்கு?" என்று அம்மா கேட்டார்.

"எங்கடை இத்தாலிக்காரன் தந்தவன். வேலையை விட்டுட்டு ஒரேயடியா ஊருக்குப் போறான். அவன்ரை தம்பி செய்யிற சாமானாம்."

"என்ன சாமான்?"

அப்பா ஒரு கணம் பெட்டியைப் பார்த்தார். "பார்லி" என்றார்.

"பார்லியோ?"

"ஓம். பார்லித் தண்ணி மாதிரி. அங்கை வயசுபோன ஆக்கள் கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்கிறவையாம்."

"உடம்புக்கு நல்லதோ?"

"நல்லதெண்டுதான் சொன்னவன்."

அம்மா தலையாட்டிவிட்டு வெங்காயம் வெட்டப் போய்விட்டார். எங்கள் வீடுகளில் பார்லி என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். கால் வீங்கினால் பார்லி, மூத்திரக்கடுப்பு என்றால் பார்லி. அவித்து, வடித்து, உப்போ தேசிக்காயோ போட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பது. பார்லி குடித்து யாரும் கெட்டுப்போனதாகக் கேள்விப்பட்டதில்லை. ஒரு குற்றமும் சொல்ல முடியாத சொல் அது.

பெட்டி மேல்தட்டுக்குப் போன பிறகு அதை இறக்கிப் பார்த்தேன். கறுத்த போத்தல், தக்கையின் மேல் மெழுகு. முகப்புத்தாள் முழுக்க இத்தாலிய மொழி, நடுவில் ஒரு தானியக்கதிரின் படம். அம்மா பார்த்தால் படத்தை மட்டும்தான் பார்த்திருப்பார் என்று நினைத்தேன். நான் அடியில் இருந்த சிறிய எழுத்தைத் தேடினேன். பதினான்கு சதவீதம்.

மறுநாள் வேலையில் சாப்பாட்டு நேரத்தில் இணையத்தில் தேடி வாசித்தேன். அது ஒரு வகை பியர். பார்லியில் செய்வது, ஆனால் வைனின் வலு உள்ளதால் பார்லி வைன் என்று பெயர். இத்தாலியில் சிலர் அதை மரப்பீப்பாவில் ஊற்றி நெடுங்காலம் வைத்துப் பழுக்கவிடுகிறார்களாம். நுரைகூட இருக்காதாம். ஆக, அப்பா பொய் சொல்லவில்லை. அது பார்லிதான். இது என்னை ஆறுதல்படுத்தியிருக்க வேண்டும். ஆனால் எனக்குப் பயம்தான் கூடியது. இவ்வளவு பொருத்தமான ஓர் உண்மையை ஒரு கணத்தில் தேடி எடுக்கிற மனிதருக்கு மறைப்பதில் நல்ல பழக்கம் இருக்கிறது என்று தோன்றியது.

அடுத்த கிழமை பார்த்தபோது மெழுகு உடைந்திருந்தது.

கறுத்த கண்ணாடிக்குள் மட்டம் தெரியவில்லை. அதனால் அம்மா கேக் செய்ய வைத்திருக்கும் தராசில் போத்தலை நிறுத்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடி நிறுத்தேன். குறைந்திருந்தது. அப்படியே தொடர்ந்து பார்த்ததில் இரண்டு விஷயம் தெளிவாயிற்று. ஒன்று, நான் மாலை வேலைக்குப் போகிற நாட்களில் மட்டும் எடை குறைகிறது. நான் வீட்டில் நிற்கிற நாட்களில் ஒரு சொட்டும் குறைவதில்லை. மற்றது, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே அளவு குறைகிறது.

முதலாவதை நான் உடனே பிடித்துக்கொண்டேன். என் கண்ணுக்கு மறைவாகத்தானே நடக்கிறது? அம்மா அந்த நேரம் காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு நாடகம் பார்ப்பார், சமையலறையில் என்ன நடந்தாலும் தெரியாது. இரண்டாவது கொஞ்சம் உறுத்தியது. குடிக்கிறவர் அளந்து குடிப்பதில்லை, இன்றைக்குக் கொஞ்சம் என்றால் நாளைக்குக் கூடும். எண் அப்படிச் சொல்லவில்லை. ஆய்வுகூடத்தில் என்றால் அங்கேயே நின்று யோசித்திருப்பேன். வீட்டில் யோசிக்கவில்லை. பழைய ஆள், தன்னைக் கட்டுப்படுத்தப் பழகிவிட்டார் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்துக்கொண்டேன்.

பிறகு அவரைக் கவனித்தேன். கராம்பு இல்லை. கண் சிவப்பு இல்லை. அடிக்கடி பல் விளக்குவதும் இல்லை. நிலக்கீழ் அறைக்குக் காரணமில்லாமல் போவதும் இல்லை. இரத்தத்தை எடுத்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும், ஆனால் ஒருவருக்குத் தெரியாமல் அவருடைய இரத்தத்தைச் சோதிக்க முடியாது. மிச்சம் இருந்தது மணம் ஒன்றுதான். எந்த மணத்தைத் தேட வேண்டும் என்று தெரியாமல் எப்படித் தேடுவது?

அதனால் ஒரு சனிக்கிழமை நண்பகல், அம்மா கோயிலுக்கும் அப்பா வேலைக்கும் போயிருந்த நேரம், இருமல் மருந்தோடு வரும் சின்ன அளவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தேன். அதுவரை நான் குடித்த மது, படிப்பு முடிந்த அன்று எல்லோரும் கிண்ணம் தூக்கியபோது உதட்டில் பட்டது மட்டும்தான். இதைச் சுவைத்துப் பார்க்கும் ஆசை எனக்கு இருக்கவில்லை. அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

ஊற்றியபோது நுரை வரவில்லை. நிறம் கடுஞ்சாயத் தேநீரைவிடக் கறுப்பு, கிண்ணத்தைச் சரித்தால் உட்சுவரில் பாகு போல மெல்ல வழிந்தது. முகர்ந்தேன். ஆய்வுகூடத்தில் நாள் முழுக்க மூக்கில் ஏறும் எரிசாராய வாசம் வரும் என்று எதிர்பார்த்தேன். அது பின்னால் எங்கேயோ ஒதுங்கி நின்றது. முன்னால் வந்தது உலர்ந்த திராட்சை, எங்கள் பேச்சில் முந்திரிகை வத்தல். பிறகு கருகும் தறுவாயில் இறக்கிய சீனிப்பாகு. பிறகு, சொன்னால் நம்பமாட்டீர்கள், கொழும்பில், வெள்ளவத்தையில் மாமி வீட்டில் மேசைமேல் எப்போதும் இருந்த அரிஷ்டப் போத்தல்.

ஒரு வாய் எடுத்தேன். இனித்தது. இனிப்பு முடியும் இடத்தில் நாக்கின் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தது போல ஒரு துவர்ப்பு, அதோடு மரவாசம், நெடுநாள் பூட்டிக் கிடந்த மரப்பெட்டியைத் திறந்தது மாதிரி. விழுங்கியதும் நெஞ்சுக்குள் ஒரு சூடு இறங்கி அங்கேயே இருந்தது. வெளியே ஆலங்கட்டியோடு மழை பெய்துகொண்டிருந்தது. அந்தச் சூட்டைப் பிடிக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. கிண்ணத்தில் இன்னொரு வாய் இருந்தது. அதையும் குடித்தேன். குடித்த பிறகுதான் குடித்துவிட்டேன் என்று தெரிந்தது.

இதுதான் எனக்குச் சரியான பயத்தைத் தந்தது. கசப்பாக, நாறலாக இருந்திருந்தால் பரவாயில்லை. இது இன்னும் கொஞ்சம் எடு என்று தன்மையாகக் கேட்கிற சாமான். பழக்கமில்லாத என்னிடமே கேட்கிறது என்றால், இத்தனை வருடம் குடித்துவிட்டு நிறுத்தியிருக்கிற மனிதரிடம் என்ன கேட்கும்? கிண்ணத்தை மூன்று தரம் கழுவினேன். போத்தலை இருந்த இடத்தில் இருந்த மாதிரியே வைத்தேன். அப்பா வேலையால் வந்தபோது சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவரின் பக்கத்தில் போய் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஈரக் கம்பளிச் சட்டை மணம் மட்டும்தான் வந்தது.

அடுத்து வந்த ஒரு பின்னேரம் எனக்கு வேலை இல்லை. அறையில் இருந்தேன். அப்பா தொலைபேசியில் கதைப்பது கேட்டது. மறுமுனையில் அந்த இத்தாலிக்காரர், தன் ஊரிலிருந்து. இரண்டு பேரும் பல வருடம் ஒரே பேருந்து நிலையத்தில் வேலை செய்தவர்கள், இரண்டு பேருக்கும் பொதுவான மொழி அவரவர் ஊர் இழுவையோடு கூடிய நோர்வேஜியம். ஊர்ப் புதினம், முழங்கால் நோ, ஓய்வூதியம் என்று போன கதை சட்டென்று திரும்பியது.

"நல்லா இருந்தது" என்றார் அப்பா. "இனிப்பு, ஆனால் திகட்டேல்லை. முந்திரிகை வத்தல் மாதிரி. நெஞ்சிலை சூடு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, சரியான சொல்லைத் தேடி, "கடைசியிலை, பழைய அலுமாரியைத் திறந்தால் ஒரு மணம் வருமே, அது" என்றார்.

தொலைபேசிக்குள் மறுமுனையில் யாரோ சந்தோஷத்தில் கத்தியது எனக்கு அறைவரை கேட்டது.

எனக்கு அதற்கு மேல் சோதனை தேவைப்படவில்லை. அந்த அலுமாரி மணத்தைக் குடிக்காத ஒருவர் சொல்லவே முடியாது. அது முகப்புத்தாளில் எழுதியிருக்கவில்லை. குடித்த என் நாக்குக்குத் தெரியும். மறுநாள் விடியற்காலை அவருக்கு வேலை. பேருந்து நிறைய ஆட்கள் இருப்பார்கள்.

என் முன்னால் இருந்த வழிகளை எண்ணிப் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லலாம், அவர் உடைந்துபோவார். போத்தலைக் கொட்டலாம், அடுத்த போத்தல் உதிரிச் சக்கரத்துக்குக் கீழே போகும். பேசாமல் இருக்கலாம், அதைத்தான் சின்ன வயதிலிருந்து செய்து வந்தேன். எழும்பிப் போய், மேல்தட்டிலிருந்து போத்தலை எடுத்து, இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த அப்பாவின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மா இடியப்பத் தட்டோடு நின்றார்.

"அப்பா, இது என்ன?"

அப்பா போத்தலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார்.

"பார்லி" என்றார்.

"பதினாலு வீதம். நான் வாசிச்சனான். நீங்கள் இத்தாலிக்காரரோடை கதைச்சதும் கேட்டது. நாளைக்கு விடிய பஸ் எடுக்கிறீங்கள் எல்லோ?"

அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் அம்மா தட்டை வைத்துவிட்டு, அலுமாரியிலிருந்து தன் சின்ன எவர்சில்வர் டம்ளரை எடுத்து வந்து அப்பாவின் முன்னால் டக்கென்று வைத்தார்.

"என்ரை மருந்தை ஏன் பிள்ளை வெளியிலை தூக்கி வைச்சனீ? சரி, எடுத்ததுதான் எடுத்தாய். ஊத்துங்கோப்பா."

"அம்மா, அது மருந்தில்லை. அது குடிக்கிற சாமான்."

"ஆர் சொன்னது?"

"நான் சொல்லுறன். அது ஒருவகைச் சாராயம் மாதிரி."

"உனக்கு என்ன தெரியும்? கொப்பா பார்லி எண்டெல்லோ சொன்னவர்." அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினார். "சொன்னனீங்களோ இல்லையோ?"

"சொன்னனான்" என்றார் அப்பா, இடியப்பத்தைப் பார்த்துக்கொண்டு.

"அப்ப பார்லிதான். ஊத்துங்கோ."

அப்பா தக்கையைக் கழற்றினார். டம்ளரின் கீழ்ப்பகுதி மறையும் அளவுக்கு ஊற்றினார். கை பழகிய அளவு. அந்தக் கணத்தில்தான் தராசு காட்டிய எண்கள் எனக்குப் புரிந்தன. அம்மா நின்ற நிலையில் அதைக் குடித்து, முகத்தைச் சுழித்து, டம்ளரைக் கழுவும் தொட்டியில் வைத்தார்.

"முதல் நாள் வந்து, எனக்குக் கால் வீங்கிக் கிடக்கு, உங்கடை பார்லியிலை கொஞ்சம் தாங்கோ எண்டு கேட்டவ" என்றார் அப்பா மெதுவாக, என்னிடம். "நான் என்னெண்டு இல்லையெண்டு சொல்லுறது? ஊத்திக் குடுத்தனான். அடுத்த நாளும் வந்தவ."

"அப்ப அந்த முந்திரிகை வத்தல்? அலுமாரி மணம்?"

"அவன் எப்பிடி எண்டு கேப்பான், தம்பி செய்ததெல்லோ. எனக்குச் சொல்லத் தெரியாதே. கொம்மாவைக் கேட்டனான், எப்பிடியப்பா இருக்கு எண்டு. அவ சொன்னதை அப்பிடியே சொன்னனான்." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "தன்ரை பீப்பாவை இவ்வளவு சரியா ஒருத்தரும் சொல்லேல்லையாம் எண்டு தம்பிக்காரன் பக்கத்திலை நிண்டு கத்துறான்."

"சீதன அலுமாரி" என்றார் அம்மா. "அதைத்தான் நினைச்சனான். சரி, சாப்பிடுங்கோ, ஆறுது."

நாங்கள் சாப்பிட்டோம். அப்பா போத்தலைத் தன் பக்கத்திலிருந்து எடுக்கவும் இல்லை, அதைப் பார்க்கவும் இல்லை. ஒரு கட்டத்தில், யாரிடமும் என்றில்லாமல், "வேண்டாம் எண்டு சொல்ல முகமில்லாமல் வாங்கினனான். வீட்டுக்குக் கொண்டுவர முதல் ஆருக்கும் குடுத்திருக்கலாம். குடுக்கேல்லை" என்றார். அம்மா அவருக்கு இன்னும் கொஞ்சம் சொதி விட்டார்.

அவர் படுக்கப் போன பிறகு நான் அம்மாவோடு பாத்திரம் துடைத்தேன். என் சந்தேகம் இப்போது வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"அம்மா, உங்களுக்கு உண்மையிலேயே தெரியாதோ?"

"என்ன தெரியாதோ?"

"அது என்ன சாமான் எண்டு."

அம்மா குழாயை நிறுத்தினார். "ஏன் பிள்ளை, எனக்கு மூக்கில்லையே? உன்னைப் பிள்ளை பெத்து ஆஸ்பத்திரியாலை வந்த நேரம் பெரியம்மா பிராந்தி தந்தவ, அதின்ரை மணம் எனக்குத் தெரியாதே? மனுசன் பெட்டியைக் கொண்டுவந்து பார்லி எண்டு சொல்லேக்கையே தெரியும்."

"அப்ப ஏன் கொட்டேல்லை?"

"கொட்டியிருந்தால் அடுத்ததை எனக்குக் காட்டாமலெல்லோ வைச்சிருப்பார். இதை என்ரை கண்ணுக்கு முன்னாலைதானே கொண்டுவந்தவர். பார்லி எண்டு சொன்னாலும் கொண்டுவந்து காட்டினவர்தானே."

"அதுக்கு நீங்கள் குடிக்கிறதோ? பிறசர் குளிசை போடுற ஆள்!"

"அதுதான் நீ நிக்கேக்கை குடிக்கிறேல்லை. படிச்ச கதை கதைப்பாய்." டம்ளரைக் கையில் எடுத்து ஒரு கணம் பார்த்தார். "ஒவ்வொரு தரமும் அவர் ஊத்தேக்கை கையைப் பாத்துக்கொண்டு நிண்டனான். முதல் நாள் நடுங்கினது. பேந்து நடுங்கேல்லை."

"கால் வீக்கம்?"

"கால் அப்பிடியேதான் கிடக்கு. நித்திரைதான் நல்லா வருது" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார்.

மிச்சத்தை அம்மா குடிக்கக் கூடாது என்று நான் மறுநாள் கண்டிப்பாகச் சொன்னேன். அதற்கு அவசியமே இருக்கவில்லை. அப்பா விடிய வேலைக்குப் போக முதல் போத்தலைக் கவிழ்த்துக் கழுவி, தட்டில் தலைகீழாக வைத்துவிட்டுப் போயிருந்தார். தொட்டியில் அந்த அலுமாரி மணம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அம்மா போத்தலைக் காயவைத்து நல்லெண்ணெய் விட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். கதிர்ப் படம் போட்ட அந்த முகப்புத்தாள் எண்ணெய் பட்டுப் பட்டு இப்போது வாசிக்க முடியாமல் போய்விட்டது. அப்பா இன்று ஓய்வுபெற்றுவிட்டார். உரிமத்தில் ஒரு கறையும் இல்லாமல்.

சந்தேகம் என்னை விட்டுப் போகவில்லை, என் வேலைக்கு அது வேண்டும். ஆனால் எங்கள் இரண்டு பேரில் கூடுதலாகச் சந்தேகப்பட்டவர் அம்மாதான் என்பதை நான் மறப்பதில்லை: நான் அப்பாவுக்குத் தெரியாமல் அந்தப் போத்தலை நிறுத்துப் பார்த்தேன், அம்மா அதை அப்பாவின் கையிலேயே கொடுத்து, எதிரில் நின்று, ஊற்றச் சொன்னார்.